கடலில் விழுந்த 35 கிலோமீற்றர் கோடு: வயர்லெஸ் ஆய்வாளர் என்னதான் செய்கிறார்?

திருகோணமலைத் திருக்கடலூரில் எனக்குத் தெரிந்த அண்ணர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே கடல்தான். முதல் முதல் போன் வாங்கிய காலத்தைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்வார். கரையை விட்டு வெளிக்கிட்டு நல்ல தூரம் போகும்வரை கோல் எடுக்கலாமாம், அதற்குப் பிறகு போனில் சிக்னல் கம்பி ஒன்றிரண்டு நிற்குமாம், ஆனால் கோல் மட்டும் எடுபடாதாம். "கம்பி நிக்குது தம்பி, ஆனா கோல் போகுதில்லை. செட்டுத்தான் பிழையெண்டு நினைச்சு மாத்தியும் பாத்தனான், புதுசும் அதே இடத்தில அதே வேலையைத்தான் காட்டினது" என்றார்.

செட்டில் பிழை இல்லை. அவர் தாண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.

அந்தக் காலத்து 2ஜி, அதாவது ஜிஎஸ்எம் முறையில், ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் மிகச் சிறிய ஒரு நேரத்துண்டு. அந்தத் துண்டுக்குள் அவருடைய சமிக்ஞை டவரை வந்து சேர்ந்துவிட வேண்டும், பிந்தினால் அடுத்தவரின் நேரத்துக்குள் போய் விழும். தூரத்தில் இருக்கும் போனின் சமிக்ஞை பிந்தித்தானே வரும்? அதனால் டவர் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண்ணைச் சொல்லும், நீ இவ்வளவு முந்தி அனுப்பு என்று. அந்த எண் 0 முதல் 63 வரைதான் போகும். ஒரு படி ஏறக்குறைய 550 மீற்றர் தூரத்துக்குச் சமம். 63ஆல் பெருக்கிப் பாருங்கள், 35 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்து நிற்கும். அதற்கு அப்பால் டவரின் குரல் போனுக்குக் கேட்கும், கம்பியும் தெரியும், ஆனால் போன் சொல்லும் பதில் நேரத்துக்குப் போய்ச் சேராது.

இந்த 63 எங்கிருந்து வந்தது என்றால், 1980களில் ஐரோப்பியப் பொறியியலாளர்கள் பல வருடமாகக் கூடிக் கூடி எழுதிய தரநிலையிலிருந்து. அந்த முறையில் முதல் வணிக அழைப்பு 1991இல் பின்லாந்தில் போனது, 1995இல் டயலொக் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தது, யுத்தகாலம் என்பதால் எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் வருடங்கள் எடுத்தன. அந்தப் பொறியியலாளர்கள் பிழை விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். டவருக்குப் பக்கத்தில் டவர் நிற்கும் தரைக்கு 35 கிலோமீற்றர் தாராளம். தூரத்தைக் கூட்டும் வழியொன்றையும் பிறகு சேர்த்தார்கள், 4ஜி வரும்போது 100 கிலோமீற்றர் வரை இடம் வைத்தார்கள். ஆனாலும் பாருங்கள், எங்கோ ஒரு மேசையில் எழுதிய எண் பத்து, இருபது வருடம் கழித்துத் திருக்கடலூர் வள்ளத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. எதிர்கால வயர்லெஸ் வலையமைப்புகளை ஆராயும் ஒருவரின் வேலை என்னவென்று கேட்டால் நான் இங்கேயிருந்துதான் தொடங்குவேன்.

கேட்டது என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் ஒரு பிள்ளை. கணிதப் பிரிவு, பொறியியலுக்குப் போக ஆசை, வீட்டில் எல்லோரும் சிவில் எடு என்கிறார்கள். "சேர், 6ஜி ரிசேர்ச் எண்டு சொல்லுறாங்களே, அது டவர் கட்டுற வேலையா, போன் செய்யிற வேலையா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டேன், ஆனால் அது என்ன வேலை என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு ஒரு வேலி உண்டு. 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த குளோட் ஷனன் போட்ட வேலி அது. ஒரு பாதையில் எவ்வளவு வேகமாகத் தகவல் அனுப்பலாம் என்பதற்கு உச்ச எல்லை ஒன்று இருக்கிறது, அதைப் பட்டை அகலமும் (அதாவது எவ்வளவு மீடிறன் இடம் கையில் இருக்கிறது என்பதும்), இரைச்சலைவிடச் சமிக்ஞை எத்தனை மடங்கு பலமானது என்பதும் சேர்ந்து முடிவுசெய்கின்றன என்று அவர் கணிதமாகவே நிறுவினார். மீன் சந்தையில் காலை நேரத்தில் நின்று ஒருவருக்கு விலை சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடக்கூட மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வரும். சரி, குரலை இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்கு வேகமாகச் சொல்ல முடியுமா? முடியாது. ஷனனின் சூத்திரத்தில் மடக்கை இருக்கிறது. சமிக்ஞை இரைச்சலைவிட 1000 மடங்கு பலமென்றால் பட்டை அகலத்தின் ஒவ்வொரு ஹேர்ட்ஸுக்கும் விநாடிக்குச் சுமார் 10 பிற் அனுப்பலாம். வலுவை இரட்டித்து 2000 மடங்காக்கினால் கிடைப்பது 11. மின்சாரம் இரண்டு மடங்கு, கூடிய பலன் பத்தில் ஒரு பங்குதான்.

அதனால் வலுவைக் கூட்டுவது வழியல்ல என்று எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியிருக்கும் வழிகள் சில. அகலமான பட்டை தேடி உயர்ந்த மீடிறனுக்குப் போகலாம். அன்டனாக்களைக் கூட்டலாம். டவர்களை நெருக்கமாக வைக்கலாம். வழியில் சிதைந்த தகவலைச் சரிசெய்ய உதவும் பிழைதிருத்தும் குறியீட்டு முறையை நுணுக்கி ஷனனின் வேலிக்கு மிக அருகில் போகலாம். இவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் புகுந்து, அதன் ஒரு மூலையில் முப்பது வருடம் இருப்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் வாழ்க்கை.

மீடிறன் என்றதும் திருகோணமலைக்காரருக்கு ஒரு நினைவு வரவேண்டும். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1980களிலிருந்து இங்கே ஒரு மறுஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது, பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு ஒலிபரப்பினார்கள். அந்த அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 194 மீற்றர், கோணேசர் மலையின் உயரத்தையும் மிஞ்சும். அவ்வளவு நீளமான அலைக்கு மரமும் வீடும் மழையும் ஒரு பொருட்டே இல்லை, எல்லாவற்றையும் சுற்றி வளைத்துக் கடல் தாண்டிப் போகும். இப்போது 5ஜியின் உயர்ந்த பட்டைகளில் ஒன்றான 28 கிகாஹேர்ட்ஸை எடுங்கள், அலைநீளம் ஒரு சென்றிமீற்றருக்குச் சற்று மேல். 6ஜிக்காகப் பரிசோதிக்கும் 100 முதல் 300 கிகாஹேர்ட்ஸ் பட்டைகளில் அது 3 மில்லிமீற்றரிலிருந்து 1 மில்லிமீற்றர். மழைத்துளியின் பருமனும் அதே அளவுதான். அலையும் துளியும் ஒரே அளவாகிவிட்டால் துளி ஒவ்வொன்றும் அலையைச் சிதறடிக்கும், உறிஞ்சும். (மில்லிமீற்றர் அலை புதுச் சரக்கு இல்லை. ஜகதீஷ் சந்திர போஸ் 1890களின் நடுவிலேயே கல்கத்தாவில் 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கிக் காட்டிவிட்டார். அதைப் போனுக்குள் கொண்டுவரத்தான் நூற்றிருபது வருடம் பிடித்தது.)

மழை என்றால் எந்த மழை என்பதுதான் இங்கே கேள்வி. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டிருக்கும் சூத்திரத்தில் 28 கிகாஹேர்ட்ஸைப் போட்டு நானே கணக்குப் பார்த்தேன். மணிக்கு 25 மில்லிமீற்றர் வீதத்தில் பெய்தால் ஒரு கிலோமீற்றருக்குள் சமிக்ஞையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில், அதாவது எங்கள் வடகீழ்ப் பருவமழை அரைமணித்தியாலம் ஊற்றித் தள்ளும்போது நாங்கள் காணும் மாதிரி பெய்தால், மிஞ்சுவது ஐம்பதில் ஒரு பங்கைவிடக் குறைவு. குளிர்நாட்டு நகரம் ஒன்றில் அளந்து, இந்த டவருக்கும் அந்த டவருக்கும் இவ்வளவு தூரம் வைக்கலாம் என்று எழுதினால் அது மார்கழியில் நிலாவெளி வீதிக்குப் பொருந்தாது. வெப்பமண்டல மழையையும், பனைமரத் தோப்பையும், வெயிலில் கடல்மேல் திரண்டு அலைகளை வளைத்துக்கொண்டு போகும் நீராவிப் படையையும் யாராவது ஒருவர் வந்து அளக்க வேண்டும். அளப்பதும் ஆராய்ச்சிதான், அதுவும் மதிப்புள்ள ஆராய்ச்சி, பளபளப்பில்லாததால் ஆள் குறைவு.

அன்டனாக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கடலில் தொடங்குகிறது.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். 15 வயதில் இந்தியக் கடற்படைப் பயிற்சிக்குப் போனார். கடற்படை அனுமதி கொடுத்து டெல்லி ஐஐடிக்கு அனுப்ப, 1973இல் அங்கே கலாநிதிப் பட்டம் வாங்கினார். இடையில் 1971 யுத்தம். குக்ரி என்ற இந்தியக் கப்பலை பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. நீர்மூழ்கியை நேரத்துக்குக் கண்டுபிடிக்க முடியாத சோனார் கருவிதான் கடற்படையைக் கலங்கவைத்த பிரச்சினை, அதைத் திருத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பிறகு அவர் தலைமையில் உருவான அப்சோ என்ற சோனார் 1983இல் இந்தியப் போர்க்கப்பல்களில் ஏறியது. சோனார் என்பது தண்ணீருக்குள் பல ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்துசேரும் சின்னச் சின்ன நேர வித்தியாசத்தைக் கொண்டு, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணக்குப் போடும் வேலை. இருபது வருடம் அதிலேயே ஊறிய மனிதர், கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சாதாரணமாக ஒரு ஆய்வாளர் தன் பெயரை நிறுவி முடித்திருக்கும் வயதில் அவர் புதுத் துறையில் தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

அங்கே அவர் கண்டதை எங்கள் சாதாரணதர வகுப்புக் கணிதத்தில் சொல்லிவிடலாம். ஒருங்கமை சமன்பாடுகள் நினைவிருக்கிறதா? தெரியாத கணியங்கள் இரண்டு, சமன்பாடுகள் இரண்டு, தீர்க்கலாம். ஆனால் இரண்டாவது சமன்பாடு முதலாவதை இரண்டால் பெருக்கியதாக இருந்தால் தீர்க்க முடியாது, அது புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. இப்போது டவரில் இரண்டு அன்டனா, போனில் இரண்டு அன்டனா என்று வையுங்கள். டவரின் இரண்டு அன்டனாக்களும் ஒரே மீடிறனில், ஒரே நேரத்தில், வெவ்வேறு தகவலை அனுப்புகின்றன. போனின் ஒவ்வோர் அன்டனாவிலும் இரண்டும் கலந்துதான் வந்து விழும். ஆனால் ஒவ்வொன்றிலும் கலக்கும் விகிதம் வேறு, ஏனென்றால் அலைகள் சுவரில், கூரையில், வாகனத்தில் பட்டுத் தெறித்து வெவ்வேறு வழியால் வருகின்றன. விகிதம் வேறென்றால் சமன்பாடும் வேறு. தீர்த்துப் பிரித்தெடுக்கலாம். அதுவரைக்கும் இந்தத் தெறிப்புகளை எல்லோரும் தொல்லையாகவே பார்த்தார்கள், எப்படி ஒழிப்பது என்றே யோசித்தார்கள். பால்ராஜ் அதையே பிடித்துப் பாதையாக்கினார். அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தோமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் கிடைத்தது. ஆரம்பத்தில் நம்பியவர்கள் குறைவு. 1998இல் தானே ஒரு நிறுவனம் தொடங்கி வேலை செய்யும் கருவியைச் செய்து காட்டினார், 2003இல் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை இன்ரெல் வாங்கியது. 2009இல் வந்த வைஃபை தரநிலையிலும், அதே வருடம் ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் தொடங்கிய 4ஜியிலும் மைமோ என்ற அந்த உத்தி உள்ளே இருந்தது. தொலைத்தொடர்புத் துறையின் உயர்ந்த பரிசான மார்க்கோனி பரிசு அவருக்கு 2014இல்தான் கிடைத்தது.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நடுக்கடலில் சுவர் இல்லை, கூரை இல்லை. அலை நேரே வருகிறது. இரண்டு அன்டனாவிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வந்து விழுகிறது, இரண்டு சமன்பாடும் ஒன்றாகிவிடுகிறது. நகரத்துத் தெருவில் வேகத்தை இரட்டிக்கும் உத்தி வள்ளத்துக்கு அதே பலனைக் கொடுக்காது. பெல் ஆய்வகத்தின் தோமஸ் மார்செட்டா 2010இல் டவரில் நூற்றுக்கணக்கான அன்டனாக்களை வைக்கலாம் என்று எழுதிய கட்டுரை இன்றைய 5ஜி டவர்களின் அடிப்படை. அந்த வழியில் அலையை ஒரு டோர்ச் வெளிச்சம் மாதிரிக் குவித்து ஒரு ஆளை நோக்கித் திருப்பலாம். கடலுக்கு அந்தக் குவிப்புத்தான் உதவும். ஆக எந்த உத்தி எந்த இடத்துக்கு என்று தெரிவு செய்யவும் அந்த இடத்தை அறிந்த ஆள் வேண்டும்.

இனி, காலம். இந்தத் துறையில் ஒரு தலைமுறை என்றால் ஏறக்குறைய பத்து வருடம். 1ஜி 1979இல் தோக்கியோவில், 2ஜி 1991இல், 3ஜி 2001இல் ஜப்பானில், 4ஜி 2009இல், 5ஜி 2019இல் தென்கொரியாவில் பொதுமக்களுக்கு வந்தன. 6ஜி 2030ஐ ஒட்டி வரும் என்ற கணக்கில்தான் எல்லோரும் வேலை செய்கிறார்கள். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகம் 2018இலேயே, 5ஜி கடைக்கு வர முதலே, 6ஜிக்கென்று பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2019இல் முதல் வெள்ளை அறிக்கையையும் வெளியிட்டுவிட்டது. பல்கலைக்கழக ஆய்வாளர் எப்போதும் அடுத்த தலைமுறைக்கோ அதற்கடுத்த தலைமுறைக்கோதான் வேலை செய்கிறார். இன்று செய்ததன் பலனைக் கையில் பிடித்துப் பார்க்கப் பத்து வருடம் போகும், சிலருக்கு அதற்கும் மேலே.

எவ்வளவு மேலே என்பதற்கு றொபேட் கலகரைப் பாருங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் எல்டிபிசி என்று இன்று சொல்லும் பிழைதிருத்தும் குறியீட்டைக் கொடுத்தார். அந்தக் காலத்துக் கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை, முப்பது வருடத்துக்கு மேலாகப் பெரும்பாலும் மறந்தே போனது. 1990களில் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் கண்டெடுத்தார்கள். இன்று 5ஜி போனில் நீங்கள் பார்க்கும் வீடியோவின் தரவு அந்தக் குறியீட்டில்தான் வருகிறது. கலகரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவர்களில் ஒருவர் துருக்கியைச் சேர்ந்த எர்தால் அரிகான். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பி, 1987இல் அங்காராவின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஷனனின் வேலியைத் தொடும் குறியீடு ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தார். இருபது வருடம். 2009இல் போலார் குறியீடு என்று அவர் வெளியிட்ட கட்டுரை, ஷனன் எல்லையை எட்டுமென்று கணிதமாக நிறுவப்பட்ட, நடைமுறையில் செய்யக்கூடிய குறியீட்டை முதன்முதலாகக் கொடுத்தது. 2016இல் உலகத் தரநிலை அமைப்பான 3ஜிபிபி, 5ஜியின் கட்டுப்பாட்டுத் தகவல்களுக்கு அதைத் தெரிவு செய்தது, தரவுக்கு எல்டிபிசி. அதாவது குருவும் சீடனும் இப்போது ஒரே போனுக்குள் இருக்கிறார்கள். இதை நான் வகுப்பில் சொன்ன நாளில் பின்வாங்கில் இருந்த பெடியன்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள்.

அந்த இருபது வருடமும் அரிகான் சும்மா சம்பளம் வாங்கவில்லை, பாடம் எடுத்தார், மாணவர்களை மேற்பார்த்தார். அன்றாட வேலை என்று பார்த்தால் வெள்ளைப் பலகை, காகிதம், பென்சில், அப்புறம் கணினி. ஒரு யோசனை வரும், அதைக் கணிதமாக எழுத வேண்டும். டவருக்கும் போனுக்கும் இடையிலுள்ள பாதையை எழுந்தமான எண்களால் உருவகித்து, மட்லாப் போன்ற மென்பொருளில் ஆயிரம், இலட்சம் தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்தில் ஏழெட்டு யோசனை அங்கேயே செத்துவிடும் என்று இந்தத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். பிழைத்ததைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால், பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் படித்துக் குறை சொல்வார்கள், மாதக்கணக்கில் போகும், திருப்பி எழுத வேண்டும். இதற்கிடையில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது பாதி வேலை. தரநிலைக் கூட்டங்களில் பெரும்பாலும் இருப்பவர்கள் கம்பனி ஆட்கள். பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை அந்த மேசைக்குப் போக வேண்டுமென்றால் கம்பனியில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் வழியாகவோ, கூட்டு ஆய்வு வழியாகவோதான் போகும்.

இங்கிருந்து அந்த இடத்துக்குப் போகும் வழி நீளம், ஆனால் இருக்கிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் நல்ல பெறுபேறு, பிறகு இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கலாம், பொறியியல் பீடம் இல்லை. மொரட்டுவை, பேராதனை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று வெளியேதான் போக வேண்டும். நாலு வருடப் பட்டம் முடிந்ததும் வேலைக்குப் போகாமல் வெளிநாட்டில் மூன்று, நாலு, ஐந்து வருடம் கலாநிதிப் பட்டத்துக்கு இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் கூடப் படித்தவர்கள் வீடு கட்டிவிடுவார்கள், கலியாணம் முடித்துவிடுவார்கள், அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குப் பிறகும் நிரந்தர வேலை உடனே இல்லை, ஒன்றிரண்டு வருட ஒப்பந்தங்கள். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். கட்டணமின்றிப் படிக்கலாம், பெரும்பாலான கலாநிதிப் பட்ட ஆய்வுகளுக்கு மாதக் கொடுப்பனவும் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு அது தெரியாது, காசு கட்டித்தான் படிக்க வேண்டுமென்று பயந்து முதலே வேண்டாமென்கிறார்கள்.

இனிக் கடலுக்குத் திரும்புகிறேன். 2023இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 6ஜி எப்படி இருக்க வேண்டுமென்று ஒரு சட்டகம் வெளியிட்டது. அதில் ஆறு பயன்பாட்டு வகைகள். வேகம், நம்பகத்தன்மை, கோடிக்கணக்கான கருவிகள், செயற்கை நுண்ணறிவு, சமிக்ஞையை வைத்தே சூழலை உணர்வது, அதோடு ஆறாவது, எங்கும் எட்டும் இணைப்பு. எனக்கு ஆறாவதுதான் முக்கியம். டவர் போட முடியாத இடத்துக்குச் செய்மதி மூலம் சாதாரணப் போனையே இணைப்பது அதில் ஒரு பெரிய பங்கு.

செய்மதி மூலம் உலகை இணைக்கலாம் என்று 1945இலேயே கணக்கோடு எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, அதே வருடம் எங்கள் கோணேசர் மலையடியில் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டவர்களில் ஒருவரும் அவர்தான். அவர் சொன்ன சுற்றுப்பாதை 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய் இறங்கவே ஒளிக்குக் கால் விநாடிக்குக் கிட்ட ஆகும். இப்போது 550 கிலோமீற்றர் உயரத்தில் ஸ்ரார்லிங்க் போன்ற செய்மதிகள் பறக்கின்றன, 2025இல் இலங்கையிலும் சேவை தொடங்கியது, நேரம் நாலு மில்லி விநாடிக்குள் வந்துவிட்டது. ஆனால் தாழப் பறந்தால் விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். புகையிரதம் கிட்ட வரும்போது ஹோன் சத்தம் கூர்மையாகி, தாண்டிப் போனதும் தடித்துவிடும் அல்லவா, அதே தொப்ளர் விளைவு இங்கே 2 கிகாஹேர்ட்ஸ் சமிக்ஞையைப் பத்துக்கணக்கான கிலோஹேர்ட்ஸ் தள்ளிவிடும். 4ஜியில் தகவலைப் பிரித்து ஏற்றும் துணை அலைகளில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே 15 கிலோஹேர்ட்ஸ்தான். ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அதோடு செய்மதி இப்போது இருக்கும் தூரம் வேறு, அடுத்த நிமிடம் இருக்கும் தூரம் வேறு, ஆகவே எவ்வளவு முந்தி அனுப்ப வேண்டும் என்ற அந்தப் பழைய எண் திரும்பவும் மேசைக்கு வருகிறது. 2022இல் முடிந்த 3ஜிபிபி வெளியீடு 17 இதற்கான முதல் விதிகளைக் கொடுத்தது, மிச்சத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்றால், 2004 மார்கழி 26 காலை நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன். கிண்ணியாவில் இருந்த சொந்தங்களுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தேன், பீப் சத்தம் மட்டும்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள், வலையமைப்பு தாங்கவில்லை. எத்தனை பேர் ஒரே நேரத்தில் எடுத்தாலும் அவசர அழைப்புக்கு ஒரு வழி திறந்தே இருப்பதை உறுதிப்படுத்துவதும், ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே செய்தியாக எச்சரிக்கை அனுப்புவதும் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் செய்த வேலைகள். அன்று காலை அது எங்கள் கையில் இருக்கவில்லை.

பிள்ளைக்கு இவ்வளவையும் சொன்ன பிறகு அவள் கேட்டது, நான் இப்ப என்ன செய்யலாம் என்று. பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவள் வீட்டுக் கூரையில் செய்மதித் தொலைக்காட்சி டிஷ் இருக்கிறது, ஊரில் யார் வீட்டில் இல்லை? அது வேலை செய்வது ஏறக்குறைய 11, 12 கிகாஹேர்ட்ஸில், மழை பலமாக வந்தால் படம் உறைந்து நிற்பதற்குக் காரணம் மேலே சொன்ன அதே துளிக் கணக்குத்தான். பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குப் போனால் சமிக்ஞை பலம் எண்ணாகத் தெரியும். வாய் வெட்டிய போத்தல் ஒன்றும் அடிமட்டமும் இருந்தால் மழைமானி. ஐந்து நிமிடத்துக்கொரு தடவை இரண்டையும் கொப்பியில் எழுத வேண்டும், கார்த்திகையிலிருந்து தை வரை, பிறகு வரைபுத்தாளில் ஒன்றுக்கெதிராக மற்றதைப் புள்ளியிட வேண்டும். உப்புவெளி மழைக்கும் சூத்திரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போது தெரியும்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சேர், மழை பலமா வந்தா முதல்ல கரண்ட் போயிடுமே, பெட்டி எப்படி வேலை செய்யும்?" என்றாள். நான் அதை யோசிக்கவே இல்லை. இப்போது இரண்டு பேருமாகப் பழைய யூபிஎஸ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.